செத்த பதிவுகளின் இடம்: வேக்யூம் பிறந்த கதை

களமருதூர் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. மாவட்டம்தான் மாறிக்கொண்டே வந்தது. 1993 செப்டம்பர் வரை தென்னார்க்காடு. அந்த மாதம் 30-ஆம் தேதி தென்னார்க்காடு பிரிந்ததும் விழுப்புரம். 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி. அங்கே ஒரு ஏக்கர் கரும்புக்கொல்லை வைத்திருக்கும் பெரியவர், வரப்பைவிட்டு நகராமலே மூன்று மாவட்டங்களில் வாழ்ந்து பார்த்துவிட்டார்.

காகிதப் பதிவேட்டுக் காலத்தில் இப்படிப்பட்ட மாற்றத்தைக் கண்ணால் பார்க்க முடிந்தது. பழைய பெயரின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் புதிய பெயர். கோட்டுக்கு அடியில் இருப்பதையும் படிக்கலாம். பக்கம் நிரம்பிவிட்டால் அடுத்த பக்கம், பதிவேடு நிரம்பிவிட்டால் அடுத்த பதிவேடு.

இதையே கம்ப்யூட்டரில் செய்வதாக வைத்துக்கொள்வோம். ஒரே டேபிளில் ஒரு கோடி நிலப் பதிவுகள். எல்லாவற்றிலும் மாவட்டம் என்ற கட்டத்தில் விழுப்புரம் என்று இருக்கிறது. அதைக் கள்ளக்குறிச்சி என்று மாற்றச் சொல்லி ஒரே ஒரு கட்டளை கொடுக்கிறோம். டேபிள் இருப்பது போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில். பதிவு ஒன்றுக்குச் சுமார் 200 பைட் என்றால், கட்டளை கொடுப்பதற்கு முன் அந்த டேபிள் டிஸ்க்கில் இரண்டேகால் ஜிபி இடம் பிடித்திருக்கும். கட்டளை முடிந்த பிறகு பார்த்தால் நாலரை ஜிபி. ஒரு சென்ட் நிலம் கூடவில்லை, ஒரு பட்டாதாரர் கூடவில்லை, டேபிள் மட்டும் இரண்டு மடங்காகிவிட்டது.

விழுப்புரம் என்று எழுதிய அந்த ஒரு கோடிப் பதிவுகளும் அழியாமல் உள்ளேயே கிடப்பதுதான் காரணம். எந்தத் தேடலிலும் அவை இனி வராது, இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டிருக்கும். இந்த வேலையில் இருப்பவர்கள் அவற்றைச் செத்த பதிவுகள் என்பார்கள். அந்த இடத்தை மீட்டுத் தருவதற்கு இருக்கும் கட்டளையின் பெயர் வேக்யூம். குப்பை அள்ளும் வேலை என்று இன்றைக்கு எல்லோரும் நினைக்கிற இது, பிறந்தபோது பழையதைப் பத்திரப்படுத்துவதற்காகப் பிறந்தது.

மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970-களில் இங்க்ரெஸ் என்ற தரவுத்தளத்தைக் கட்டியவர். பின்னாளில் 2014-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது பெற்றார். 1986-ல் லாரன்ஸ் ரோவும் அவரும் சேர்ந்து அடுத்த தரவுத்தளத்துக்கு ஒரு வரைவு வெளியிட்டார்கள். இங்க்ரெஸுக்குப் பின் வந்தது என்பதால் அதற்குப் போஸ்ட்கிரெஸ் என்று பெயர். 1987-ல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் கூடிய மாநாட்டில், இந்தப் புதிய தரவுத்தளம் பதிவுகளை டிஸ்க்கில் எப்படி வைக்கப்போகிறது என்பதை மட்டும் விளக்கும் ஸ்டோன்பிரேக்கரின் கட்டுரை வந்தது. வேக்யூமின் பிறப்புச் சான்றிதழ் அதுதான்.

அந்தக் காலத்துப் பெரும்பாலான தரவுத்தளங்கள் ஒரு பதிவை மாற்றும்போது பழையதன் மேலேயே புதியதை எழுதின. பாதி எழுதும்போது மின்சாரம் போய்விட்டால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. அதற்குப் பாதுகாப்பாக, செய்யப்போகும் ஒவ்வொரு மாற்றத்தையும் முன்கூட்டியே லாக் என்ற தனிக் கோப்பில் எழுதிவைப்பார்கள். சர்வர் மீண்டும் எழும்போது லாகைப் படித்து, பாதியில் நின்றவற்றைப் பழைய நிலைக்குத் திருப்பும், முடிந்தவற்றை மறுபடி செய்து முடிக்கும். எழுதவும் கடினம், சோதிக்கவும் கடினமான நிரல் அது. அதில் பிழை இருந்தால் சர்வர் விழுகிற அன்றைக்குத்தான் தெரியவரும். அன்றைக்குத் தெரிந்து என்ன பயன்?

ஸ்டோன்பிரேக்கர் இந்தச் சிக்கலை அடியோடு வெட்டப் பார்த்தார். எதன் மேலும் எதையும் எழுதக் கூடாது. மாற்றம் வந்தால் புதிய பதிவு ஒன்று சேரும், பழையது அப்படியே இருக்கும். ஒன்றாகவே செய்து முடிக்க வேண்டிய மாற்றங்களின் தொகுப்பைப் பரிவர்த்தனை என்பார்கள். ஒவ்வொரு பதிவின் தலைப்பகுதியிலும் தன்னைப் பிறப்பித்த பரிவர்த்தனையின் எண்ணும், தன்னை நீக்கிய பரிவர்த்தனையின் எண்ணும் இருக்கும். ஒரு பரிவர்த்தனை முடிந்ததா, கைவிடப்பட்டதா, இன்னும் நடக்கிறதா என்பதைக் குறித்துவைக்க இரண்டே இரண்டு பிட் போதும். மின்சாரம் போய் வந்தால் சரிசெய்ய ஒன்றுமே இருக்காது. பாதியில் நின்ற பரிவர்த்தனை கைவிடப்பட்டதாகவே எண்ணப்படும், அது எழுதிய பதிவுகள் யார் கண்ணுக்கும் தெரியாது. பழைய பதிவு ஒரு கீறலும் இல்லாமல் அங்கேயே இருக்கும். இவ்வளவு எளிமையான மீட்பு முறையை அதற்கு முன் யாரும் இத்தனை துணிச்சலாக ஒரு முழுத் தரவுத்தளத்துக்கு அடித்தளமாக வைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

இதனால் கூடவே இன்னொரு வரமும் கிடைத்தது. பழையவை எல்லாம் இருப்பதால் பழைய தேதியைச் சொல்லிக் கேள்வி கேட்கலாம். 1992-ல் களமருதூர் எந்த மாவட்டம் என்று கேட்டால் தென்னார்க்காடு என்று அதே டேபிள் பதில் சொல்லும். காலப் பயணம் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். நிலத் தகராறு என்று வந்துவிட்டால் நம் ஊரில் முதல் கேள்வி என்ன? இதுக்கு முன்னாடி யார் பேர்ல இருந்துச்சு என்பதுதானே. அந்தக் கேள்விக்குத் தனியாக ஒரு வரலாற்று டேபிள் வைக்காமல், தரவுத்தளமே இயல்பாகப் பதில் சொல்ல வேண்டும் என்று நாற்பது வருஷத்துக்கு முன்பே ஆசைப்பட்டிருக்கிறார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது.

ஆசைக்கு இடம் வேண்டுமே. அன்றைய காந்த டிஸ்க் விலை அதிகம், கொள்ளளவு குறைவு. அப்போதுதான் ஒருமுறை எழுதினால் அழிக்க முடியாத, ஆனால் எத்தனை முறையும் படிக்கக்கூடிய ஒளித்தட்டுகள் சந்தைக்கு வந்திருந்தன. எதன் மேலும் எழுதாத தரவுத்தளத்துக்கு, மேலே எழுதவே முடியாத தட்டைவிடப் பொருத்தம் வேறு என்ன இருக்கிறது? ஆகவே ஒரு பின்னணி வேலையாள் நியமிக்கப்பட்டார். டேபிள்களை அவ்வப்போது சுற்றி வருவார். காலாவதியான பதிவுகளைக் காந்த டிஸ்க்கிலிருந்து எடுத்து ஒளித்தட்டு ஆவணக் காப்பகத்தில் சேர்ப்பார். காலியான இடத்தைப் புதிய பதிவுகளுக்கு விடுவார். அவருக்கு வைத்த பெயர் வேக்யூம் கிளீனர். ஒரு டேபிளை உருவாக்கும்போதே அதன் பழம்பதிவுகளுக்குக் காப்பகம் வேண்டாமா, லேசாக வேண்டுமா, கனமாக வேண்டுமா என்று சொல்லிவிடலாம்.

ஆக, இடத்தை மீட்பது அன்று இரண்டாவது வேலை. முதல் வேலை, எதையும் தொலைக்காமல் இடம் மாற்றுவது.

நடைமுறை அவ்வளவு கருணை காட்டவில்லை. லாக் இல்லை என்றால், ஒவ்வொரு பரிவர்த்தனை முடியும்போதும் தொட்ட பக்கங்களை (டேபிளின் கோப்பு பிரிந்திருக்கும் சிறு துண்டுகளை) எல்லாம் டிஸ்க்குக்குத் தள்ளியாக வேண்டும். மின்சாரம் போனாலும் மறக்காத நினைவகம் மலிவாக வரும் என்று எதிர்பார்த்தார்கள், அது வரவில்லை. 4.2-ஆம் பதிப்போடு பெர்க்லி திட்டம் முடிந்தது. 1994-ல் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரண்டு மாணவர்கள் அதற்கு எஸ்க்யூஎல் மொழி கற்றுக்கொடுத்தார்கள், பின்னர் போஸ்ட்கிரெஸ்95 என்று வெளியிட்டார்கள். 1996-ல் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்று பெயர் மாறி, உலகத்தின் பல மூலைகளில் இருந்த தன்னார்வலர்கள் கைக்குப் போனது. 1997-ல் வந்த 6.2-ஆம் பதிப்பில் காலப் பயணத்தை எடுத்துவிட்டார்கள். வேகம் குறைகிறது, இடம் அதிகம் பிடிக்கிறது, நேரக் குறிப்புக் கோப்பு எல்லையில்லாமல் வளர்கிறது என்று காரணம் சொன்னார்கள். காரணங்கள் நியாயமானவை. இழப்பும் உண்மையானது.

காலப் பயணம் போன பிறகும் மேலே எழுதாத வழக்கம் மட்டும் போகவில்லை. 1999-ல் அதற்குப் புதிய உயிர் கொடுத்தவர் ரஷ்யாவின் வாதிம் மிகேயெவ். 6.5-ஆம் பதிப்புக்கு முன்புவரை ஒருவர் டேபிளில் எழுதிக்கொண்டிருந்தால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். பழைய பதிவுதான் பக்கத்திலேயே இருக்கிறதே, எழுதி முடிக்கும்வரை படிப்பவர் அதைப் படிக்கட்டுமே என்று அவர் மாற்றி அமைத்தார். படிப்பவர் எழுதுபவரைத் தடுக்க மாட்டார், எழுதுபவர் படிப்பவரைத் தடுக்க மாட்டார். போஸ்ட்கிரெஸை இன்று பெரிய நிறுவனங்கள் நம்புவதற்கு இது முக்கியக் காரணம். வரலாற்றுக்காக வைத்திருந்த பழைய பதிவு, இப்போது பக்கத்து இருக்கைக்காரரின் சில நொடிகளுக்காக வைக்கப்பட்டது. அந்தச் சில நொடி கழிந்ததும் அது செத்த பதிவு. ஸ்டோன்பிரேக்கர் வேண்டாம் என்று ஒதுக்கிய லாகையும் 2001-ல் 7.1-ஆம் பதிப்பில் இதே மிகேயெவ்தான் கொண்டுவந்தார். அந்த இரண்டு பிட் குறிப்பு மட்டும் இன்றுவரை அப்படியே இருக்கிறது.

ஆவணக் காப்பகமும் ஒளித்தட்டும் போய்விட்டன. வேக்யூம் மட்டும் தனியாக நின்றது. இப்போதுதான் அது வெறும் துப்புரவு வேலையாக மாறியது. ஆனால் துப்புரவு நடக்கும்போது கதவைப் பூட்டிவிடும். டேபிள் முழுவதற்கும் பூட்டு விழும், யாரும் படிக்கவும் முடியாது, எழுதவும் முடியாது. டேபிளின் வால் பகுதியில் இருக்கும் பதிவுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து முன்னால் உள்ள காலி இடத்தில் வைக்கும். தூக்கி வைக்கும் ஒவ்வொரு பதிவுக்கும் இண்டெக்ஸ்களில், அதாவது பதிவுகளைச் சீக்கிரம் தேடித் தரும் முகவரிப் பட்டியல்களில், புது வரி எழுத வேண்டும். சின்ன டேபிளுக்குச் சில நொடி. ஒரு கோடிப் பதிவு என்றால்? தாலுகா ஆபீஸ் ஜன்னலில் சிட்டா நகலுக்கு நிற்பவரிடம், சர்வரில் வேலை நடக்கிறது, நாளைக்கு வாங்க என்று சொல்ல வேண்டியதுதான். களமருதூரிலிருந்து பஸ் ஏறி வந்தவருக்கு அன்றைய கூலி போச்சு.

2002 பிப்ரவரியில் வந்த 7.2-ஆம் பதிப்பு இந்தப் பூட்டை எடுத்தது. இதில் பெரும்பங்கு அமெரிக்காவின் டாம் லேனுடையது. அவர் செய்தது ஒரு விட்டுக்கொடுத்தல். பதிவுகளை இடம் மாற்றுவதை நிறுத்தினார். புதிய வேக்யூம் டேபிளை முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டே போகும். செத்த பதிவுகளின் முகவரிகளைக் குறித்துக்கொள்ளும். பிறகு இண்டெக்ஸ்களில் அந்த முகவரிகளைச் சுட்டும் வரிகளை நீக்கும். கடைசியாக டேபிளுக்குத் திரும்பி அந்த இடங்களைக் காலி என்று குறித்துவைக்கும். இந்த வரிசை மாறக் கூடாது. இண்டெக்ஸை முதலில் துடைக்காமல் டேபிளில் இடத்தைக் காலி செய்தால், இண்டெக்ஸ் வழியாக ஒருவருடைய பட்டாவைத் தேடிப் போனவர் வேறொருவருடைய பட்டாவில் போய் இறங்குவார். இத்தனையும் நடக்கும்போது மற்றவர்கள் படித்துக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருக்கலாம்.

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். வேக்யூம் ஓடி முடிந்த பிறகும் டிஸ்க்கில் டேபிளின் அளவு குறைவதில்லை. நம் நிலப் பதிவு டேபிளையே எடுத்துக்கொள்ளுங்கள். நாலரை ஜிபி. விழுப்புரம் என்ற செத்த பதிவுகள் முன்பாதியில், கள்ளக்குறிச்சி என்ற உயிருள்ள பதிவுகள் பின்பாதியில். வேக்யூம் முன்பாதியைக் காலியாக்கிவிடும். ஆனால் ஒரு கோப்பை முன்பக்கமிருந்து வெட்ட முடியாது. வாலில் வரிசையாகக் காலிப் பக்கங்கள் இருந்தால் மட்டுமே அவற்றை நறுக்கி இயங்குதளத்திடம் திருப்பித் தரும். இங்கே வாலில் இருப்பதெல்லாம் உயிருள்ளவை. அதனால் நாலரை நாலரையாகவே நிற்கும். நாளைக்கு எல்லாப் பதிவுகளும் மறுபடி ஒருமுறை மாறினால், புதியவை முன்பாதியின் காலி இடத்தில் போய் உட்காரும், பின்பாதி சாகும். அடுத்த வேக்யூம் வாலை நறுக்கும்போதுதான் டேபிள் பழைய அளவுக்கு வரும்.

காலி இடம் எங்கே இருக்கிறது என்று யாராவது நினைவு வைத்திருக்க வேண்டும். 7.2-ல் அதற்கு ஒரு வரைபடம் கொடுத்தார்கள், அது சர்வரின் நினைவகத்தில் குறிப்பிட்ட அளவு மட்டுமே இருக்கும். டேபிள்கள் அந்த அளவைத் தாண்டி வளர்ந்தால் வரைபடத்தில் இடம் போதாது. காலி இடம் இருந்தும் தெரியாமல் டேபிள் வீங்கிக்கொண்டே போகும். அந்த அளவைச் சரியாக ஊகித்து வைப்பது அன்றைய நிர்வாகிகளின் தீராத தலைவலி. 2009-ல் 8.4-ஆம் பதிப்பில் வரைபடத்தை ஒவ்வொரு டேபிளுக்கும் டிஸ்க்கிலேயே வைத்தார் ஹெய்க்கி லின்னாகங்காஸ். அதே பதிப்பில், கடைசியாகத் துடைத்ததற்குப் பின் யாரும் தொடாத பக்கங்கள் எவை என்ற குறிப்பும் சேர்ந்தது. அந்தப் பக்கங்களை வேக்யூம் தாண்டிப் போய்விடலாம். பல நூறு ஜிபி டேபிளில் தினமும் மாறுவது சில பக்கங்கள்தான் என்பதால், மிகப் பெரிய டேபிள்களுக்கு இது உயிர் காத்த திருத்தம்.

வேக்யூமை யார் ஓட்டுவது? ஆரம்பத்தில் மனிதர்கள் ஓட்டினார்கள், ராத்திரி இரண்டு மணிக்கு ஓடும்படி குறித்துவைத்தார்கள், மறந்தும் போனார்கள். 2003-ல் மேத்யூ ஓ'கானர் எழுதிய ஒரு துணை நிரல் தானாகவே பார்த்து ஓட்டத் தொடங்கியது. 2005-ல் 8.1-ஆம் பதிப்பில் ஆல்வரோ எர்ரேரா அதை உள்ளேயே சேர்த்தார். 2008-ல் வந்த 8.3 முதல், யாரும் சொல்லாமலே அது எப்போதும் ஓடுகிறது. இதுதான் ஆட்டோவேக்யூம்.

மறந்தால் இடம் வீணாவதோடு முடிவதில்லை. பரிவர்த்தனை எண் 32 பிட் மட்டுமே, அதாவது சுமார் 429 கோடி எண்கள். அதில் பாதி கடந்தகாலம், பாதி எதிர்காலம் என்று வட்டமாக எண்ணுகிறது போஸ்ட்கிரெஸ். மிகப் பழைய பதிவுகளை இவை எல்லோருக்கும் பழையவை என்று முத்திரை குத்தி உறையவைப்பதும் வேக்யூமின் வேலை. அதைச் செய்யாமல் சுமார் 200 கோடிப் பரிவர்த்தனைகள் கடந்தால், பழைய பதிவு எதிர்காலத்துப் பதிவாகத் தோன்றிக் காணாமல் போகும். அந்த ஆபத்து வருவதற்கு முன்பே தரவுத்தளம் எழுத மறுத்துவிடும். 2015-ல் சென்ட்ரி என்ற நிறுவனத்தின் சேவையும், 2019 பிப்ரவரியில் மாண்ட்ரில் என்ற மின்னஞ்சல் சேவையும் இந்தக் காரணத்தால் தடுமாறின. இரண்டும் திறமையான பொறியாளர்கள் இருந்த இடங்கள். எழுதும் வேகத்துக்கு வேக்யூமால் ஈடுகொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

8.3-ஆம் பதிப்பில் இன்னொரு குழந்தையும் பிறந்தது, இந்தியாவில். எண்டர்பிரைஸ்டிபி நிறுவனத்தில் இருந்த பவன் தியோலாசி, சைமன் ரிக்ஸ் முதலியவர்களோடு சேர்ந்து எழுதிய ஹாட் என்ற உத்தி அது. அடங்கலில் ஒரு புலத்தின் பயிர் கரும்பிலிருந்து உளுந்தாக மாறுகிறது. பயிர்க் கட்டத்துக்கு இண்டெக்ஸ் எதுவும் கிடையாது. ஆனாலும் பதிவு புதிதாகப் பிறக்கிறது, புது முகவரி. அதனால் புல எண், பட்டா எண், பெயர் என்று சம்பந்தமே இல்லாத எல்லா இண்டெக்ஸ்களிலும் ஒரு வரி சேர வேண்டியிருந்தது. தியோலாசியின் உத்தி என்னவென்றால், இண்டெக்ஸ் இல்லாத கட்டம் மட்டும் மாறி, புதிய பதிவுக்கு அதே பக்கத்தில் இடமும் இருந்தால், இண்டெக்ஸைத் தொடாதே. பழைய பதிவிலிருந்து புதியதற்கு அந்தப் பக்கத்துக்குள்ளேயே ஒரு சங்கிலி போடு. இண்டெக்ஸ் பழைய முகவரிக்கே கொண்டுவரும், அங்கிருந்து சங்கிலியைப் பிடித்துப் போய்விடலாம்.

இதன் அழகு அடுத்த படியில் இருக்கிறது. இண்டெக்ஸில் வரி இல்லாததால், சங்கிலியின் நடுவில் செத்த பதிவுகளை எடுக்க வேக்யூம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அந்தப் பக்கத்துக்கு வரும் எவரும், சும்மா படிக்க வந்தவர்கூட, போகிற போக்கில் பக்கத்தைச் சுத்தம் செய்துவிட்டுப் போகலாம். 2007 செப்டம்பரில் டாம் லேன் அதைச் சரிபார்த்துச் சேர்த்தார். அடிக்கடி மாறும் டேபிள்களின் வீக்கத்தை இதைப்போலக் குறைத்த திருத்தம் வேறில்லை என்பது என் எண்ணம். எல்லா இடத்திலும் இது உதவாது. கல்வராயன் மலை தனித் தாலுகாவானபோது மலைக் கிராமங்களின் தாலுகா எண் மாறியது. தாலுகா எண்ணுக்கு இண்டெக்ஸ் வைத்திருந்தால் சங்கிலி போட முடியாது, ஒவ்வொரு இண்டெக்ஸிலும் புது வரிதான். பக்கம் நிரம்பி வழிந்தாலும் முடியாது. அதனால் அடிக்கடி மாறும் டேபிளின் ஒவ்வொரு பக்கத்திலும் பத்து, இருபது சதவீதம் இடத்தை முதலிலேயே காலியாக விட்டுவைக்கச் சொல்லும் அமைப்பும் இருக்கிறது. அதைப் பயன்படுத்துவோர் குறைவு, பயன்படுத்த வேண்டும்.

இடத்தை நிஜமாகவே இயங்குதளத்திடம் திருப்ப வேண்டுமென்றால் வேக்யூம் ஃபுல் இருக்கிறது. பூட்டுப் போட்ட அந்தப் பழைய வேக்யூம்தான் இந்தப் பெயரில் தொடர்ந்தது. 2010-ல் வந்த 9.0 முதல் அது பதிவுகளை ஒவ்வொன்றாக நகர்த்துவதை விட்டுவிட்டு, உயிருள்ளவற்றை மட்டும் புதிய கோப்பில் எழுதிப் பழையதைத் தூக்கி எறிகிறது. வேகம் கூடியது. ஆனால் முழுப் பூட்டு போகவில்லை, புதிய கோப்புக்கு டிஸ்க்கில் தனி இடமும் வேண்டும். டிஸ்க் நிரம்பிய பிறகு அதை நாடிப் போனால் இடம் இல்லாமல் பாதியில் நிற்கும். ஜப்பானின் என்டிடி நிறுவனத்தார் நீண்ட நேரப் பூட்டில்லாமல் இதைச் செய்ய பிஜி ரீஆர்க் என்ற கருவியை எழுதினார்கள். அதன் வழிவந்த பிஜி ரீபேக் இன்று பரவலாகப் பயன்படுகிறது. பக்கத்தில் புதிய டேபிளைக் கட்டிக்கொண்டே, இடையில் வரும் மாற்றங்களைத் தனியே குறித்துவைத்து, கடைசியில் இரண்டையும் ஒரு நொடியில் மாற்றிவிடும். ஆண்டுவாரியாகவோ மாதவாரியாகவோ பழையதை அழிக்க வேண்டிய டேபிள் என்றால் இது எதுவுமே தேவையில்லை. முதலிலேயே மாதத்துக்கு ஒரு பகுதியாகப் பிரித்துவைத்தால், அந்தப் பகுதியையே நீக்கிவிடலாம், இடம் அப்போதே திரும்பிவிடும்.

மிகப் பெரிய டேபிள்களின் கஷ்டம் இன்னும் தீர்ந்துகொண்டுதான் வருகிறது. ஆட்டோவேக்யூம் எப்போது எழும்? பதிவுகளில் 20 சதவீதமும் அதற்கு மேல் ஒரு 50-ம் செத்தால் எழும். ஆயிரம் பதிவுக்கு நல்ல கணக்கு. நூறு கோடிப் பதிவுள்ள டேபிளில் 20 கோடி சாகும்வரை அது தூங்கும். எழுந்த பிறகும், செத்த பதிவு ஒன்றின் முகவரிக்கு 6 பைட் என்று, ஒரு ஜிபி நினைவகத்தில் சுமார் 17.9 கோடி முகவரிகளைத்தான் ஒரே சுற்றில் வைத்துக்கொள்ள முடிந்தது. அதற்கு மேல் போனால் எல்லா இண்டெக்ஸ்களையும் இன்னொரு முறை முதலிலிருந்து துடைக்க வேண்டும். 2024-ல் வந்த 17-ஆம் பதிப்பில் மசாஹிகோ சவாடாவும் ஜான் நேலரும் முகவரிகளைச் சுருக்கி அடுக்கும் புதிய முறையைச் சேர்த்தார்கள், அந்த ஒரு ஜிபி வரம்பு போய்விட்டது. 2025-ல் வந்த 18-ஆம் பதிப்பு, டேபிள் எவ்வளவு பெரிதானாலும் செத்தவை 10 கோடியை எட்டினால் எழுந்தாக வேண்டும் என்று உச்சவரம்பு வைத்தது.

எத்தனை பதிப்பு வந்தாலும் தீர்க்க முடியாத ஒன்றும் இருக்கிறது. காலையில் ஒருவர் பரிவர்த்தனை ஒன்றைத் திறந்துவைத்துவிட்டு, முடிக்காமலே சாப்பிடப் போய்விடுகிறார். அவர் எந்தப் பழைய பதிவையும் கேட்கலாம் என்பதால், அவர் திறந்த நேரத்துக்குப் பின் செத்த எதையும் வேக்யூம் தொடாது. ஓடும், ஒன்றும் மீளாது. சும்மா திறந்துகிடக்கும் பரிவர்த்தனையைக் குறிப்பிட்ட நேரத்தில் துண்டிக்கும் அமைப்பு 2016-ல் 9.6-ஆம் பதிப்பிலேயே வந்துவிட்டது. கேட்காமல் அது செயல்படாது, நாம்தான் நேரம் குறித்துக் கொடுக்க வேண்டும்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். டேபிளுக்குள் ஓரளவு காலி இடம் இருப்பது வீண் அல்ல, நாளைய பதிவுகளுக்கு அது வேண்டும். அதை ஒவ்வொரு வாரமும் வேக்யூம் ஃபுல் போட்டு இயங்குதளத்திடம் திருப்பிக் கொடுப்பதும், மறுநாளே அதே இடத்தைத் திரும்பக் கேட்டு வாங்குவதும் யாருக்கும் உதவாத உழைப்பு. ஒரேயடியாகப் பாதி டேபிளை அழித்திருந்தால், அல்லது மாவட்டம் மாறியதுபோல எல்லாப் பதிவும் ஒன்றாக மாறியிருந்தால் மட்டும் அது தேவை. அப்போதும் ராத்திரியில், போதிய டிஸ்க் இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு.

நீங்கள் இப்படி ஒரு பெரிய டேபிளைப் பார்த்துக்கொள்பவர் என்றால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். சர்வர் மெதுவாக இருக்கிறது என்று யாராவது சொன்னதும் ஆட்டோவேக்யூமை அணைக்காதீர்கள். உங்கள் மிகப் பெரிய டேபிளுக்கு மட்டும் அந்த 20 சதவீதத்தை ஒன்றாகவோ இரண்டாகவோ குறையுங்கள். செத்த பதிவுகளின் எண்ணிக்கையையும், திறந்துகிடக்கும் மிகப் பழைய பரிவர்த்தனையின் வயதையும் வாரம் ஒருமுறை பாருங்கள். இரண்டையும் காட்டும் பட்டியல்கள் போஸ்ட்கிரெஸிலேயே இருக்கின்றன, காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம்.